வேனுக்குள் நின்ற தண்ணீர்

பேச்சித்தாய்க்கு முதல் பயம், வேனுக்கு வந்த கோளாறைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான். தப்பாகச் சொன்னால் மேஸ்திரி தப்பான இடத்தைப் பிரிப்பாள். சரியாகச் சொன்னாலோ அதைவிடப் பெரிய வம்பு. அதனால் தூத்துக்குடியில் மூன்றாவது மைல் பக்கம் இருந்த அந்தத் தகரக் கொட்டகை வாசலில் வேனை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள் மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பதினோரு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு வாங்கிய பழைய வேன் அது. அது நின்றால் அவளும் நிற்பாள்.

மேஸ்திரியின் பெயர் அமலோற்பவி. வயது முப்பத்தொன்று. பேச்சித்தாய்க்கு நாற்பத்தேழு. வண்டிக்குள் துருப் பிடித்தால், எங்கிருந்தோ ஈரம் கசிந்தால், ஊரில் எல்லோரும் அமலோற்பவியிடம்தான் அனுப்புவார்கள். ஆனால் அவளிடம் வண்டியை விட்டுவிட்டு வர முடியாது. வண்டியோடு ஆளும் இருக்க வேண்டும். சொந்தக்காரரே கழற்ற வேண்டும், சொந்தக்காரரே தேய்க்க வேண்டும். அவள் சொல்லிக் கொடுப்பாள். "வண்டியக் கொண்டு போனா ஓனர வேலைக்காரனா ஆக்கிருவா" என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டு அவளிடமே போவார்கள்.

"சொல்லுங்கக்கா, என்ன?"

"மழைத்தண்ணி உள்ள வருது மேஸ்திரி. மேல எங்கயோ ஓட்டை. சீட்டுக் காலெல்லாம் துரு. போன வாரம் ஒரு சீட்டு சாஞ்சே போச்சு."

"சீட்டுல ஆள் இருந்துச்சா?"

"இருந்தா. வடிவுன்னு ஒருத்தி. வளைவுல திரும்பும்போது சீட்டோட சாஞ்சு நெத்தியில இடிச்சுக்கிட்டா. வீக்கம்தான். வேற ஒண்ணுமில்ல."

"வடிவு யாரு?"

பேச்சித்தாய் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"தெரிஞ்ச பிள்ள."

மேஸ்திரி ஒரு ஸ்பானரை எடுத்து நீட்டினாள்.

"பின் சீட்டுலேருந்து ஆரம்பிங்க."

தீபாவளி விடுமுறை. ஐந்து நாளைக்கு வேனுக்கு ஓட்டமில்லை. அதற்குள் முடித்தாக வேண்டும்.

நட்டுகள் லேசில் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு, தட்டி, திட்டி, ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசி சீட்டை இருவரும் சேர்ந்து வெளியே தூக்கினார்கள். சீட்டின் காலில் மேஸ்திரி நகத்தை வைத்துக் கீறினாள். கறுப்புப் பெயிண்ட் வெங்காயத்தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே செங்கல் நிறத்தில் பொடி உதிர்ந்தது.

"துருமேலயே பெயிண்ட் அடிச்சிருக்கியளே."

"ரெண்டு தரம் அடிச்சேன்."

"தேய்க்காமலா?"

"தேய்க்க நேரம் வேண்டாமா? பாக்கிறவங்களுக்கு அசிங்கமாத் தெரியக்கூடாதுன்னு அடிச்சேன்."

"தெரியலையே. நல்லாத்தான் இருந்துச்சு, உடையுற வரைக்கும்."

தரையில் விரித்திருந்த ரப்பர் பாயைத் தூக்கினாள் மேஸ்திரி. அடியில் போட்டிருந்த சாக்கு, பிழியாத துணி மாதிரி கனத்தது. அடுத்துப் பக்கக் கதவைத் திறந்தாள். கதவுக்குள்ளிருந்து சளக் என்று ஒரு சத்தம் வந்தது. குனிந்து அடியில் தடவிப் பார்த்தாள்.

"இதென்னக்கா?"

"எம்-சீல்."

"எங்கெல்லாம் வச்சிய?"

"ஓட்டைன்னு கண்ட எடத்துல எல்லாம்."

மேஸ்திரி திருப்புளியால் அதைக் குத்திப் பெயர்த்தாள். கதவின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் கிடந்த டீ டம்ளரை நீட்டிப் பிடித்தாள். டம்ளர் நிறைந்த பிறகும் தண்ணீர் நிற்கவில்லை.

"கதவுக்குள்ள தண்ணி போனா ஓட்டைதானே?" என்றாள் பேச்சித்தாய் விடாமல்.

"கண்ணாடி ஏறி எறங்குற சந்து இருக்கு. அது வழியா மழை உள்ள போகத்தான் செய்யும். போனது வெளிய வாறதுக்குத்தான் வண்டியச் செஞ்சவன் கீழ ஓட்டை வச்சான். நீங்க அவனவிட புத்திசாலி, அடைச்சுட்டிய."

பேச்சித்தாய்க்குச் சுருக்கென்றது. எட்டாம் வகுப்போடு நின்றவளை எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்தாள். ஆனால் மேஸ்திரியின் முகத்தில் சிரிப்பு இல்லை. சாக்கைப் பிழிந்து இன்னொரு டம்ளரை நிறைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு டம்ளரையும் ஜன்னல் திட்டில் வைத்து மூடினாள்.

"அது எதுக்கு?"

"இருக்கட்டும். இப்பம் இதப் பிடிங்க."

கையில் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வந்தன.

"உப்பு தின்ன இரும்ப உப்புத்தாள் வச்சே தேய்க்கணுமாக்கும்?" என்று சொல்லிவிட்டுப் பேச்சித்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேஸ்திரி திரும்பிப் பார்த்தாள். "உப்பு தின்னதுன்னு யாருக்கா சொன்னா?"

"கடல் காத்து. இந்த ஊர்ல எல்லாம் துருப் பிடிக்கத்தானே செய்யும்."

"ம்" என்றாள் மேஸ்திரி.

மறுநாள் ஓட்டை தேடினார்கள். வெறும் தரை முழுக்க மேஸ்திரி கோலமாவைத் தூவச் சொன்னாள். ஒரு சொட்டு விழுந்தாலும் மாவில் தடம் தெரியும். பேச்சித்தாய் உள்ளே உட்கார்ந்துகொள்ள, மேஸ்திரி வெளியே குழாயைப் பிடித்தாள். முதலில் கதவின் அடி. பிறகு நடு. பிறகு கண்ணாடி ஓரம். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிஷம்.

"மேல பிடிங்க மேஸ்திரி! ஓட்டை மேல இருக்கு, நீங்க கீழ காலக் கழுவிக்கிட்டிருக்கிய!"

"மேலேருந்து ஊத்துனா எல்லாம் நனையும். எது ஓட்டைன்னு எப்படித் தெரியும்? கீழேருந்துதான் வரணும்."

கடைசியாகக் கூரைமேல் தண்ணீர் மத்தளம் போல விழுந்தது. மாவு போட்டது போட்டபடி கிடந்தது.

"ஓட்டை இல்லக்கா."

"இருக்கு. நீங்க சரியாப் பிடிக்கல."

"அப்ப நீங்க பிடிங்க. நான் உள்ள இருக்கேன்."

பேச்சித்தாய் பிடித்தாள். கீழே, நடுவே என்றெல்லாம் பொறுமை பார்க்கவில்லை. குழாயின் வாயை விரலால் அடைத்து, கூரை, கண்ணாடி, கதவுச் சந்து என்று பீய்ச்சி அடித்தாள். முந்தானை நனைந்தது, கொட்டகை நனைந்தது, எதிரே பழக்கடைக்காரர் "ஏ ஆத்தா, இங்கயும் மழையா!" என்று கத்தினார். கை வலித்த பிறகுதான் நிறுத்தினாள்.

மேஸ்திரி இறங்கி வந்தாள். தலைமுடியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

ஜன்னல் திட்டிலிருந்த இரண்டு டம்ளரையும் எடுத்துவந்து நீட்டினாள்.

"நாக்குல தொட்டுப் பாருங்க. முழுங்க வேண்டாம், துப்பிருங்க."

"சீ, இதையா?"

மேஸ்திரி தானே இரண்டையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினாள். வேறு வழியில்லாமல் பேச்சித்தாயும் தொட்டாள். முதல் டம்ளரில் இரும்பு வாசம்தான் இருந்தது, ருசி இல்லை. இரண்டாவது கரித்தது.

"மொதல்ல உள்ளது கதவுத்தண்ணி. அது வானத்துத் தண்ணி. இது சாக்குத்தண்ணி. இது யாரு தண்ணி?"

"எனக்கென்ன தெரியும்?"

"உங்க வண்டிதானே?"

"தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வாறேன்?" என்று பேச்சித்தாய் குரலை உயர்த்தினாள். குரல் உயர்ந்ததில் பாதி கோபம், பாதி பயம். தலையைக் குனிந்துகொண்டு மறுபடி உப்புத்தாளை எடுத்தாள்.



மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் சீட்டுக் கால்கள் எல்லாம் வெள்ளிபோல வெளுத்தன. ரெட் ஆக்சைடு பூசி, காயவைத்து, கறுப்பு அடித்து, சாயங்காலம் சீட்டுகளைத் தூக்கித் தரையில் பொருத்தினார்கள். துளைக்கு நேரே துளை வந்தது. பேச்சித்தாய் நட்டுக்காகக் கையை நீட்டினாள்.

மேஸ்திரி நட்டுகளை டப்பாவோடு மடியில் வைத்துக்கொண்டாள்.

"உப்பு எங்கேருந்து வருதுன்னு தெரியாம நான் இத முறுக்க மாட்டேன்."

"என்ன மேஸ்திரி இது? தேய்ச்சது நான், பெயிண்ட் அடிச்சது நான்."

"ஆமா. நல்லாவும் அடிச்சிய."

"பின்ன? எனக்கு வியாழக்கிழமை ஓட்டம் இருக்கு."

"இருக்கட்டும். நான் முறுக்க மாட்டேன்."

"குடுங்க இங்க. நானே முறுக்கிக்கிடுதேன்!"

டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். வியர்க்க வியர்க்க ஒவ்வொரு நட்டாக முறுக்கினாள். மேஸ்திரி தடுக்கவில்லை. முறுக்கி முடிந்ததும் அவள் ஒரு சின்னச் சுத்தியலோடு வேனுக்கு அடியில் படுத்தாள். முன் சீட்டுக்கு நேரே கீழே தட்டினாள். டங் என்றது. நடு சீட்டுக்குக் கீழே தட்டினாள். டங். பின் சீட்டுக்குக் கீழே தட்டினாள். பொத்.

இன்னொரு தரம். பொத்.

மேஸ்திரி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். பின் சீட்டைக் காட்டினாள்.

"உக்காருங்க."

பேச்சித்தாய் ஏறினாள். சீட்டின் முதுகைப் பிடித்தாள். அவள் தேய்த்த கால், அவள் முறுக்கிய நட்டு. எல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. நட்டு பிடித்திருந்த தரைதான் பொத் என்றது. உட்காரப் போனவள் பாதியில் நின்றாள்.

"உக்காருங்கக்கா."

அவளால் முடியவில்லை.

"வடிவு உக்காருவாளா?"

பேச்சித்தாய் வேனின் படியில் இறங்கி அமர்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். அழுதது போதும் என்று தோன்றியதும் சொன்னாள்.

"வடிவு எறால் கம்பெனியில எறால் உரிக்கிறவ. அவளோட எட்டுப் பேரு. ஷிப்டு முடிஞ்சு காலையில ஆறரைக்கு ஏறுவாளுக. ஐஸ் தண்ணியில நின்ன காலு, நனைஞ்ச பாவாடை. அவளுகள வீட்டுல விட்டுட்டு எட்டு பத்துக்கு டீச்சருமார் அஞ்சு பேர ஏத்தணும். டீச்சருமாருக்கு இது எறால் கம்பெனிக்கு ஓடுற வண்டின்னு தெரியாது."

"சரி."

"தெரியாம இருக்கணும்னா வாடை இருக்கக்கூடாதுல்ல? தெனம் ரெண்டு குடம், மூணு குடம் ஊத்திக் கழுவுவேன்."

"போர் தண்ணியா?"

"போர் தண்ணிதான், உப்புக் கரிக்கும். பின்ன, மினரல் வாட்டரா?"

"கழுவிட்டு?"

"கண்ணாடிய ஏத்திப் பூட்டிருவேன். வாடை தெருவுக்கு வரக்கூடாதுன்னு. டீச்சருமார் ஏறுறதுக்கு முன்னால ஊதுபத்தி கொளுத்துவேன்."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம்."

மேஸ்திரி எழுந்துபோய் ஸ்பானரைக் கொண்டுவந்தாள்.

"கழட்டுங்க. நாளைக்குத் தரைய வெட்டி எடுத்துட்டு வெல்டிங் வைக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். அன்று அவள் திட்டியிருந்தால் பேச்சித்தாய்க்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு எறால் கம்பெனி வாசலில் வேன் நின்றது. எல்லாக் கண்ணாடியும் திறந்திருந்தது.

"என்னக்கா, கண்ணாடியெல்லாம் தொறந்து கெடக்கு? எங்கள ஊர்வலமாக் கூட்டிட்டுப் போறியளா?" என்றாள் வடிவு. நெற்றி வீக்கம் வடிந்து மஞ்சளாகியிருந்தது. ஏறியவள் பின் சீட்டைப் பார்த்து நின்றாள்.

பேச்சித்தாய் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்தாள். பின் சீட்டில் முதலில் தானே உட்கார்ந்து, நன்றாக மூன்று தரம் குதித்தாள்.

"இப்பம் உக்காரு."

"ஏயம்மா, நீங்க குதிச்சதுலயே உடைஞ்சிருக்கும்!" என்று எட்டுப் பேரும் சிரித்தார்கள்.

அவர்களை இறக்கிவிட்ட பிறகு பேச்சித்தாய் குடம் தூக்கவில்லை. மேஸ்திரி சொல்லிக் கொடுத்தபடி நல்ல தண்ணீரில் துணி நனைத்து, பிழிந்து, துடைத்தாள். காற்றோட்டமாக நிறுத்தினாள். தரை காய்ந்தது. வாடை முழுக்கப் போகவில்லை.

எட்டு பத்துக்கு ஹேமலதா டீச்சர் முதல் படியில் கால் வைத்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்ன பேச்சி, மீன் வாடை?"

ரோட்டில் ஒரு மீன் லாரி போச்சு என்று சொல்வதற்கு நாக்கு தயாராக இருந்தது. இரண்டு வருஷப் பழக்கம். ஆனால் கண் பின் சீட்டுக்குப் போனது.

"எறால் கம்பெனிப் பிள்ளைங்க டீச்சர். உங்களுக்கு முந்தின டிரிப்பு அவங்க. இதே சீட்டுலதான்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கல. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்."

டீச்சர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் அன்றைக்கு ஏறினார்கள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். இறங்கும்போது ஹேமலதா டீச்சர் கோபமில்லாமல்தான் சொன்னார்.

"திங்கக்கிழமை வரைக்கும் யோசி. அந்த டிரிப்ப விட்டுரு, இல்ல பழையபடி வாடை இல்லாம வச்சுக்கோ. ரெண்டும் இல்லன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கிடுதோம்."

அந்த மூன்று நாளும் பேச்சித்தாய் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்து பேர் போனால் வண்டி வரும்படியில் பாதி போன மாதிரி. வடிவையும் மற்றவர்களையும் விட்டால் அவர்கள் ஐந்தரை கிலோமீட்டர் ஈரக்காலோடு நடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகைக்குப் போய் நின்றாள்.

மேஸ்திரி யாருடைய காரிலிருந்தோ கழற்றிய பெடலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னதக் கேட்டேன். இப்பம் டீச்சருமார் போகப்போறாங்க" என்றாள் பேச்சித்தாய். குரல் சண்டைக்கு வந்தவள் குரல்.

"நான் டீச்சர்கிட்ட சொல்லச் சொல்லலியே."

"சொல்லல. அதான் கோபம். நீங்க சொல்லியிருந்தா உங்க மேல பழியப் போட்டுட்டு நிம்மதியா இருப்பேன்."

மேஸ்திரி சிரித்தாள். வேலை நடந்த ஐந்து நாளில் அவள் சிரித்துப் பேச்சித்தாய் பார்த்ததில்லை.

"இப்பம் என்னக்கா வேணும்?"

"ஒரு வழி சொல்லுங்க. ஈரம் வண்டிக்குள்ள தங்கக்கூடாது. வாடை வெளிய போய் நாலு பேருக்குத் தெரியவும் கூடாது. நீங்க இத்தன வண்டி பாத்திருக்கிய. ஒரு வழி இல்லாமலா இருக்கும்?"

மேஸ்திரி பெடலைக் கீழே வைத்தாள். எழுந்து வேனுக்குள் ஏறினாள். முன் கதவுக் கண்ணாடியை மேலே ஏற்றினாள், இறக்கினாள். பக்கக் கண்ணாடியைத் தள்ளினாள், திறந்தாள். பின் கண்ணாடியையும் பார்த்தாள். எதையோ தேடுகிறவள் போல ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"தேடிட்டேன்க்கா. ஈரம் போறதுக்கு ஒரு ஜன்னல், வாடை போறதுக்கு ஒரு ஜன்னல்னு இந்த வண்டியில தனித்தனியா வைக்கல."

கொட்டகைக்குள் மேஸ்திரி மறுபடி பெடலைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை காலை எட்டு பத்துக்குத் தன் வாய் என்ன சொல்லும் என்பதில் பேச்சித்தாய்க்கு நம்பிக்கை இல்லை. அந்த வாயை அவளுக்கு நாற்பத்தேழு வருஷமாகத் தெரியும். பயம் வந்தால் அது எதையும் சொல்லும்.

கொட்டகை மூலையில் கிடந்த மஞ்சள் பெயிண்டையும் ஒரு பிரஷ்ஷையும் கேட்காமலே எடுத்தாள். வேனின் பக்கக் கதவுக்கு முன்னால் மண்டியிட்டாள். முதல் எழுத்து 'இ'யா, 'எ'யா என்று யோசித்தாள். டீச்சர் பார்த்தால் தப்பென்று சொல்வாரோ என்று கை கொஞ்சம் நின்றது. பிறகு வடிவு எப்படிச் சொல்வாளோ அப்படியே எழுதினாள்.

எறால் கம்பெனிப் பெண்கள் வண்டி.

ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அந்தப் பக்கத்தைச் சுவரோரம் நிறுத்திவிடுவோம் என்று தோன்றியது. எழுந்து சுற்றிப்போய் அடுத்த பக்கத்திலும் எழுதினாள்.